ஏழு யூனிட் கணக்கு மோசடி இல்லை

அறையைக் குளிர்வித்து, அங்கிருந்து எடுத்த வெப்பத்தால் தண்ணீரையும் சூடாக்கும் ஹீட் பம்ப் கருவியைப் பற்றி, "ஒரு யூனிட் கரண்ட்டில் ஏழு யூனிட் பலன் என்பது இயற்பியலுக்கே எதிரான மோசடி" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, நண்பரே. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதை இயக்கும் கம்ப்ரசர் 1 யூனிட் மின்சாரத்தில் அறையிலிருந்து 3 யூனிட் வெப்பத்தை இழுத்தால், தண்ணீருக்குப் போவது 3+1, அதாவது 4. குளிர்ச்சி 3, சூடு 4. இரண்டுமே நமக்குப் பயன்படுவதால் கூட்டி 7 என்கிறார்கள். ஆற்றல் எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் காத்ரி வாலா பூங்காவுக்கு அடியில் 2006 முதல் ஓடும் நிலையம் இப்படித்தான் நகரக் கட்டடங்களுக்குச் சூடும் குளிரும் சேர்த்தே தருகிறது.

100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 2.7 யூனிட் வேண்டும். கீசர் அது முழுவதையும் மின்சாரமாகவே இழுக்கும். மேலே சொன்ன கணக்கில் ஹீட் பம்ப்புக்குச் சுமார் 0.7 போதும். கூடவே 2 யூனிட் குளிர்ச்சி.

உங்கள் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை: இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால்தான் அந்த 7. தொட்டி சூடாகிவிட்டால் மீதி வெப்பம் வெளிக்காற்றுக்குத்தான் போகும். தண்ணீர் 60 டிகிரியை நெருங்க நெருங்க கம்ப்ரசருக்குப் பளு கூடி, 3, 4 என்ற எண்களும் இறங்கும். நாள் முழுக்க ஏசி ஓடி, வெந்நீரும் செலவாகிற ஓட்டல், மருத்துவமனைக்கு இது நன்றாகப் பொருந்தும். காலையில் இரண்டு வாளி வெந்நீர் எடுக்கிற வீட்டுக்கு, போட்ட பணம் திரும்ப நெடுநாள் ஆகும்.