பையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

60,000 ரூபாய் கொடுத்து லேப்டாப் வாங்குகிறவர்கள், அதைத் தூக்கிக்கொண்டு போகிற பைக்கு 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க மனசு வராமல் நிற்பதைத் தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் எந்த நாளும் பார்க்கலாம். பாதிப் பேர் கடைக்காரர் இலவசமாகத் தரும் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தோளில் தொங்குவது பை. கழுத்து வலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டாண்டு. ஐப்பசி மழையில் லேப்டாப் பிழைக்குமா போகுமா என்று முடிவு செய்வது ஒரு ஜிப். இவற்றுக்கென்று லேப்டாப் விலையில் இருபதில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. அந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ என்ற ஐடி பூங்கா திறந்தாயிற்று. ஊரிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், தினமும் பஸ்ஸிலோ பைக்கிலோ 40 கிலோமீட்டர் போய்வருகிற கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று லேப்டாப் பை இல்லாத தோளே குறைவு. ஆனால் கடையில் தொங்கும் பைகளில் பெரும்பாலானவை ஏசி அறையிலிருந்து காருக்கும், காரிலிருந்து ஏசி அறைக்கும் போகிறவர்களை மனதில் வைத்துத் தைத்தவை. நம் டெல்டாவில் அடைமழை உண்டு, புழுக்கம் உண்டு, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்றும் உண்டு. வாங்கும்போது இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் அளவு. 15.6 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. பைக்கு வேண்டியது லேப்டாப் உடலின் அகலம், ஆழம், தடிமன். டேப் வைத்து இந்த மூன்றையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இப்போது வருகிற 16 இன்ச் லேப்டாப்புகளில் பல, அகலத்தில் பழைய 15.6 போலவே இருந்தாலும் ஆழத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல். ஜிப் மூடும், ஆனால் மூலை இடித்துக்கொண்டே இருக்கும். அந்த மூலையில்தான் ஆறு மாதத்தில் தையல் விடும்.

அடுத்து, பையை உள்பக்கம் திருப்புங்கள். வெளியில் இருக்கும் லோகோவைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தோளில் மாட்டும் பட்டை மேலே பையோடு சேரும் இடத்தில் அந்தப் பட்டையின் முனை தையலுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பையில் அங்கே ஒரு சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தைத்திருப்பார்கள், அல்லது நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய பட்டைத் தையல் இருக்கும். மட்டமான பையில் ஒரே ஒரு வரிசைத் தையல் மட்டும் ஓடும். துணியின் ஓரம் பிசிறாமல் இருக்க நாடா வைத்து மடித்துத் தைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நாடா இல்லாவிட்டால் துணியின் ஓரத்து இழை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். தையல் கெட்டியாக இருந்தும் பை கிழிவது அப்படித்தான். பட்டை கீழே வந்து சேரும் முக்கோணத் துண்டு இன்னொரு பலவீனமான இடம். அதையும் இழுத்துப் பாருங்கள்.

துணியில் 600 டி, 1680 டி என்று எழுதியிருப்பது டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே அது. எண் கூடினால் நூல் தடிமன் கூடும், அவ்வளவுதான். நெசவு நெருக்கமா, உள்பூச்சு நல்லதா என்பதை அந்த எண் சொல்லாது. 600 டி பாலியஸ்டர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் கொடுக்கிற பணத்தைத் தையலுக்கும் ஜிப்புக்கும் கொடுங்கள்.

ஜிப்பில் ரன்னரின் பின்பக்கம் பெரும்பாலும் ஓர் எண் அச்சாகியிருக்கும்: 5, 8, 10. ஏறக்குறைய பல்வரிசையின் மில்லிமீட்டர் அகலம் அது. முக்கிய அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். 5 என்பது முன்பக்கச் சின்ன அறைக்குச் சரி. ஒய்கேகே என்ற ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயர் இருந்தால் நிம்மதி, ஆனால் அந்தப் பெயரைப் போலியாகப் பொறிப்பதும் நடக்கிறது. அதனால் கையால் சோதியுங்கள். பையின் வளைவான மூலையில் ரன்னரை ஒரே விரலால் இழுங்கள். அங்கே சிக்கினால் அந்தப் பை வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்கள் உலோகப் பல் ஜிப்பும், இரும்புக் கொக்கியும் உள்ள பையைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் பூத்துப்போய் இறுகிவிடும். நைலான் ஜிப், பிளாஸ்டிக் பக்கிள் போதும். ஜிப் கடினமானால் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் ஓடும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

ரெக்சின் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்று, அலுவலகத்துக்கு மரியாதையாக இருக்கும். பல பைகளில் அதன் மேல்பூச்சு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றில் உள்ள ஈரம் அதை மெதுவாகச் சிதைக்கும். பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் உரியும், உபயோகித்ததால் வந்த தேய்மானம் இல்லை அது. ஹெட்போனின் காது மெத்தை உரிவதும் இதே காரணத்தால்தான். ஹெட்போன் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் துணி உறை போட்ட மெத்தையோ, கழற்றி மாற்றக்கூடியதோ வாங்குங்கள்.

பைக்கில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பை முதுகில் இருந்தாலும் அதன் அடிப்பாகம் சீட்டில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி வாங்குவது லேப்டாப்பின் கீழ் ஓரம். எனவே லேப்டாப் அறையின் தரை, பையின் தரையிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே தொங்க வேண்டும். கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். பஞ்சு கட்டைவிரலால் அழுத்தியதும் அடிவரை போய்விட்டால் அது வெறும் ஸ்பாஞ்ச். கொஞ்சம் எதிர்த்து நின்று, விட்டவுடன் எழும்பினால்தான் அது தாங்கும்.

பட்டை 6, 7 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். லேப்டாப் 1.7 கிலோ, சார்ஜர் 400 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், டிபன் பாக்ஸ் என்று கூட்டினால் எளிதாக 4 கிலோ வந்துவிடும். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பை கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது. பெரியவர்களுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில் மூன்றையும் எடுத்துப் போய், கடையிலேயே போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சேலை கட்டிப் போகும் சகோதரிகளுக்கு முதுகுப்பை மாராப்புப் பின்னை இழுக்கும், சொரசொரப்பான நாடா துணியில் நூல் எழுப்பும். அவர்களுக்கு அகலமான வழவழப்புப் பட்டை வைத்துக் குறுக்கே மாட்டுகிற பை நல்லது. அப்போது எடையை 3 கிலோவுக்குள் வைத்து, தோளை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

மழைக்கு வருவோம். வாட்டர்ப்ரூஃப் என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். துணி நனையாது, ஆனால் தையல் ஓட்டை வழியும் ஜிப் வழியும் தண்ணீர் இறங்கும். கூடவே தருகிற மழை உறை முதுகுப்பக்கத்தை மூடாது. கழுத்தில் விழுந்த தண்ணீர் சட்டைக்கும் பைக்கும் நடுவில் வழிந்து முதுகு மெத்தைக்குள் போகும். லேப்டாப் அறை இருப்பதோ அந்த முதுகை ஒட்டி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் லேப்டாப்பை வாய் சுருட்டி மூடுகிற தண்ணீர் புகாத உறையில் போட்டு, அந்த உறையைப் பைக்குள் வையுங்கள். தடிமனான பாலித்தீன் பையை இரண்டு சுற்றுச் சுருட்டி மடித்தாலும் வேலை நடக்கும். ரெயின்கோட்டைப் பைக்கு மேலே போடுங்கள். நனைந்த பையை எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகத் தொங்கவிட்டு மின்விசிறியில் காயவையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் உள்பூச்சு போய்விடும். சிலிகா ஜெல் பாக்கெட்டை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பயன் இல்லை. நிறம் மாறும் வகை வாங்கினால், நீலம் இளஞ்சிவப்பானதும் சூடுகாட்டி ஈரத்தை விரட்டி மறுபடி வைக்கலாம்.

நம் வீடுகளில் தரையில் சம்மணம் போட்டு வேலை செய்கிறவர்கள் அதிகம். அப்படி உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 22, 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கீபோர்டும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மடக்கு மேசை பெரும்பாலும் அதைவிடச் சற்று உயரம். ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன் மேல் உட்கார்ந்தால் சரியாகிவிடும். லேப்டாப் ஸ்டாண்டு வாங்குவதென்றால் தனி கீபோர்டும் மவுசும் சேர்த்தே வாங்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வர உயர்த்திவிட்டு, அதே கீபோர்டில் தட்டினால் கழுத்து தப்பும், மணிக்கட்டு மாட்டும். ஸ்டாண்டின் மடிப்புகளை வெறும் கையால் எளிதில் அசைக்க முடிந்தால் அது லேப்டாப்பைத் தாங்காமல் மெதுவாக இறங்கும்.

சார்ஜர் விஷயத்தில் ஆபத்து இருப்பதால் கறாராகச் சொல்கிறேன். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இல்லாத அடாப்டரும் பவர்பேங்கும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பதிவு பெற்றதன் மேல் ஆர் என்ற எழுத்தோடு 8 இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் யாருடைய பதிவு என்று காட்டும். 65 வாட் டைப்-சி சார்ஜருக்கு 3 ஆம்பியர் கேபிள் போட்டால் 60 வாட்டோடு நின்றுவிடும். 20 வோல்ட்டில் 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும், உள்ளே சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள்தான் அதைத் தரும். உலோக உடல் லேப்டாப்பை சார்ஜில் போட்டு மணிக்கட்டை வைத்தால் சுருசுரு என்கிறதா? சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற சிறு மின்சாரம் அது. எர்த் இருந்தால் அந்த வழியே போய்விடும். மூன்று பின் சார்ஜரிலும் அப்படி இருந்தால் உங்கள் சுவிட்ச் பாக்ஸில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் பவர்பேங்க் இங்கே ஆடம்பரம் இல்லை. 20,000 எம்ஏஎச் என்பது, சேமிக்கிற மின்சக்தியின் கணக்கில், 74 வாட்-அவர். சூடாகப் போவது போக 60 சொச்சம் கையில் நிற்கும். 50 வாட்-அவர் பேட்டரி உள்ள லேப்டாப்பை ஒரு முறை நிரப்பலாம். 18, 22.5 வாட் வெளியீடு உள்ளவை செல்போனுக்குத்தான், லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் பிடி (பவர் டெலிவரி) வெளியீடு வேண்டும். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் 100 வாட்-அவருக்குள் வாங்கி, கையோடு கொண்டுபோகும் பையிலேயே வையுங்கள். உப்பிய பவர்பேங்கை அன்றே ஓரங்கட்டிவிடுங்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள்.

செல்போன் கவரில் இரண்டே விஷயம். திரைக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது விளிம்பு எழும்பி நிற்க வேண்டும், வியர்த்த கையில் வழுக்கக் கூடாது. டெம்பர்ட் கிளாஸில் 9ஹெச் என்று போட்டிருப்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு, ஆற்று மணல் அதையும் கீறும். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி வரைபடம் பார்க்கிறவர்கள் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள். என்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

பை கிழிந்தால் தூக்கிப் போடாதீர்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் பை, செருப்பு தைக்கும் அண்ணன்கள் பட்டையைப் பிரித்து, சதுரத் தையல் போட்டுப் புதிதைவிடக் கெட்டியாக்கித் தருவார்கள். நைலான் நூலால் தைக்கச் சொல்லுங்கள், பருத்தி நூல் இரண்டு மழையில் இற்றுவிடும். ஜிப் பிரிந்துகொண்டே இருந்தால் பல பைகளில் கெட்டது ரன்னர் மட்டும்தான். பழைய ரன்னரின் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டி அதே அளவில் மாற்றிக்கொள்ளுங்கள்.