அங்கே யாரும் ஜீனை ஒட்டவில்லை

நேற்றிலிருந்து சுற்றும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லீரல் நொதிக் குறையோடு பிறந்த பிலடெல்பியா குழந்தை கே.ஜே.வுக்குக் 'கெட்ட ஜீனை வெட்டி எறிந்து நல்ல ஜீனை ஒட்டினார்களாம்'. கத்தரிக்கோல் படம் வேறு.

யாரும் ஒட்டவில்லை. 2025இல் நடந்தது, அம்மோனியாவை அகற்ற உதவும் சிபிஎஸ்1 ஜீனில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்துத் திருத்தம். ஏ என்ற எழுத்தை ஜி ஆக்கும் நொதியான பேஸ் எடிட்டர், கொழுப்புத் துகளில் ஏறிக் கல்லீரலுக்குப் போனது, மூன்று தவணையாக. மகத்தான வேலைதான். ஆனால் எழுத்துப்பிழை திருத்துவது வேறு, பக்கத்தையே செருகுவது வேறு.

"எளிமையாகச் சொன்னால் என்ன குற்றம்?" ஒன்றுமில்லை ஐயா. அதை நம்பி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டிப்படும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளையின் அம்மா ஒருவர் எந்த ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அந்த நோய்க்கு சிஎஃப்டிஆர் ஜீனில் நூற்றுக்கணக்கான பிழைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எடிட்டர் செய்து மாளாது. அதனால்தான் நல்ல பிரதி முழுவதையும் அந்த ஜீனின் முதல் இன்ட்ரானில் (புரதக் குறிப்புகளுக்கு இடையே உள்ள பகுதி) செருகப் பார்க்கிறார்கள். பிழை எங்கே இருந்தாலும் ஒரே மருந்து.

செருக வெட்டினால் போதாதா? கிரிஸ்பர் கத்தரியான கேஸ்-9 டிஎன்ஏவின் இரண்டு இழையையும் வெட்டினால் செல் அறுந்த முனைகளைக் கண்டபடி சேர்க்கும், செல்லின் காவல் புரதமான பி53 விழித்துக்கொள்ளும், சில சமயம் குரோமோசோம் துண்டே இடம் மாறும். அப்படி வெட்டாமல் செருகத்தான் புதிய நொதிக் கருவிகள். 2022இல் வந்ததற்குப் பெயரே 'பேஸ்ட்' (பெயரில்தான் ஒட்டல்). ஒரு இழையில் மட்டும் கீறல் போட்டு, ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நாற்பது எழுத்துச் சொச்சத்தில் ஓர் அடையாளம் எழுதும். டிஎன்ஏவைச் செருகும் நொதியான பிஎக்ஸ்பி1 இன்டெக்ரேஸ், நல்ல ஜீன் உள்ள வட்ட டிஎன்ஏவை அதில் கோர்க்கும். 36,000 எழுத்து வரை செருகிக் காட்டினார்கள். ஜீனை ஏற்றிச் செல்ல வழக்கமாகப் பயன்படும் ஏஏவி வைரஸில் ஏறுவதோ 4,700தான். தசைச் சிதைவு நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் குறிப்புக்கு வேண்டியது 11,000.

இதில் மந்தமாக வேலை செய்யும் சோம்பேறி பிஎக்ஸ்பி1தான். பேஸ் எடிட்டரை உருவாக்கிய டேவிட் லியுவின் குழு அதைப் பரிணமிக்க வைத்து, 2024இல் சராசரி 23 சதவீதச் செருகலை எட்டியது, பழையதைப்போல் 4.2 மடங்கு. 2025இல் இவோகேஸ்ட் என்ற வேறொரு செருகும் கருவி 10 முதல் 30 சதவீதம்.

"அப்புறமென்ன, வந்துவிட்டதே!" அதெல்லாம் தட்டில் வளர்த்த செல்களில். நொதியைச் செய்வதற்கான குறிப்பாகிய ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் அனுப்பலாம். செருக வேண்டிய சரக்கோ இரட்டை இழை டிஎன்ஏ. அது சைட்டோபிளாசத்தில் (செல்லில் உட்கருவுக்கு வெளியே) தெரிந்தாலே, அங்கே டிஎன்ஏவைக் காவல் காக்கும் சிகாஸ் உணரி அலறும், செல் அழற்சியில் வதங்கும். பாக்டீரியாவில் பெருக்கிய வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட்டை முழுசாகக் கோர்த்தால் பாக்டீரியா மிச்சமும் கூடவே உள்ளே போகும். அதைக் களைந்து மினிசர்க்கிள் என்ற சிறு வட்டம் செய்வது தனிப் பாடு. காணொளியில் இது எங்கே?

இதைச் சொன்னால் பொறாமையாம், 'நெகட்டிவ்' ஆசாமியாம். சரி, நான் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். அந்த டிஎன்ஏ படம் இடப்பக்கமாகச் சுழல்கிறது, நம் உடம்பில் இருப்பது வலம்சுழி. அதையாவது திருத்திப் போடுங்கள்.