ஓட்டுநர் இல்லாத காரில் அத்தையிடம் யார் பேசுவது?

ஆளில்லாமல் ஓடும் கார் வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால், நான் முதலில் பார்ப்பது பின் சீட்டுக்கு எதிரே இருக்கும் திரையைத்தான். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ மாதிரி ஊர்களில் வேமோ என்ற நிறுவனத்தின் கார்கள் இப்படி வாடகைக்கு ஓடுகின்றன. பெல்ட் போட்டு, திரையில் தொட்டால் கிளம்பும். நடுவழியில் இறங்கவும் திரையையோ கைப்பேசியையோதான் தொட வேண்டும். கோத்தகிரியிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கும் என் மாமியாருக்கு இது உதவாது என்பது என் கட்சி.

மலைப்பாதையில் திரையைப் பார் என்பதே தப்பான யோசனை. வண்டி திரும்புவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. ஓட்டுகிறவருக்கு அநேகமாக வாந்தி வராது. அடுத்த திருப்பம் அவருக்கு முன்பே தெரியும்.

எங்கள் டாக்ஸிக்காரர் அந்தத் தெரிதலைப் பின் சீட்டுக்கும் தந்துவிடுகிறார். அரவேனு தாண்டியதும், "அம்மா, கைப்பிடியப் புடிச்சுக்கங்க, திருப்பம் வருது" என்பார். வண்டியை ஓரங்கட்டினால், "பஸ் மேல ஏறுது, விட்டுட்டுப் போலாம்." மலையில் ஏறுகிற வண்டிக்குத்தானே முன்னுரிமை. குஞ்சப்பனைப் பக்கம் வேகம் குறைந்தால், "யானை நிக்குதான்னு பாக்கறேன்மா." எதற்கு நின்றது என்று அத்தை பதறவே இடமில்லை. முதியவர்களுக்கு வேண்டிய வடிவமைப்பு இதுதான்: செய்யப்போவதை முன்கூட்டியே, காரணத்தோடு, தமிழில் சொல்வது.

சொல்லும் விதமும் முக்கியம். வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் 'பீப்' வேண்டாம், கொஞ்சம் கனத்த மனிதக் குரல் வேண்டும். தொடுதிரையோ விரலில் பாயும் நுண்ணிய மின்னூட்டத்தை நம்பி இயங்குவது. பனிக்காலக் காலையில் வறண்டு, காய்ப்பு ஏறிய விரலுக்கு அது சட்டென்று மசியாது. தேயிலை பறித்த கைகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை நிறுத்தச் சொல்ல, அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகிற பெரிய பொத்தான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அதை அழுத்தியதும் என்ன நடக்கும் என்பதுதான் சிக்கல். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்த முடியாது. பேசாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அத்தை இன்னும் நான்கு தடவை அழுத்துவார், அப்புறம் கதவைத் திறக்கப் பார்ப்பார். "கேட்டுச்சும்மா, இங்க இடமில்லை, வளைவு தாண்டி நிறுத்தறேன்" என்று அந்த நொடியே பதில் வர வேண்டும்.

இதெல்லாம் ஆகாத காரியம் இல்லை. 2015-லேயே ஆஸ்டின் நகரில் பார்வையற்றவரான ஸ்டீவ் மஹான், ஸ்டியரிங்கே இல்லாத கூகுள் காரில் தனியாகப் போய் வந்தார். திரையைப் பார்க்க முடியாதவரை மனதில் வைத்துச் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும்.

இந்தியாவுக்குள் இந்தக் கார்களை விடமாட்டேன், ஓட்டுநர்கள் வேலை போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் சொன்னார். சரி. ஆனால் திரை மோகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. சாதாரண கார்களிலேயே ஏசியைக் கூட்டிக் குறைக்கத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பே, முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையில் தட்டுப்படும் பொத்தான்கள் வேண்டும் என 2026 முதல் கேட்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடில்லை. மேட்டுப்பாளையம் வரை வளவளவென்று பேசும் காரில் எவன் போவான் என்கிறார். நியாயம்தான். அத்தையே பாதி வழியில் தூங்கிவிடுவார். "போதும்ப்பா" என்று சொன்னால் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்காகவும் திரையில் மெனு தேட வைக்காதீர்கள்.