"கால் நோகுதா, பிள்ளை?"

1998, உள்நாட்டுச் சண்டைக் காலம். கொழும்பில் காலி வீதியில், வெள்ளவத்தைக்குக் கிட்ட, பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆம்பிளைகளுக்கு ஒரு வரிசை. பொம்பிளைகளைச் சோதிக்க நாலு தடி நட்டுத் துணி சுற்றிய ஒரு கூடு. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மம்மாவின் அக்காவோடு உள்ளே போனேன். பெரியம்மம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஆமி உடுப்பில் நின்ற பிள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது. கைப்பையைக் கிளறி, பெரியம்மம்மாவின் கொண்டைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும். பெரியம்மம்மா அந்தப் பிள்ளையின் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றா.

"துவே, ககுல் ரிதெனவாத?"

மகளே, கால் நோகுதா என்று பெரியம்மம்மா சிங்களத்தில் கேட்டா. அந்தப் பிள்ளை கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. பிறகு ஓம் என்று தலையாட்டியது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். எங்களைத் தடவிச் சோதிக்கிறவளிடம் என்ன கால் நோ விசாரிப்பு? அவ சொன்னா: "எனக்கும் அளவில்லாத பூட்ஸ்தான் தந்தவை."

அன்றைக்குத்தான் தெரியும், எங்கள் வீட்டில் ஒரு சிப்பாய் இருந்திருக்கிறா என்று.

பூட்டனார் மலாயாவில் ரயில்வே கிளாக். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி ஊர் அங்கேதானே. 1943 யூலையில் நேதாஜி சிங்கப்பூரில், இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரனை விரட்டப் பெண்களுக்கென்றும் ஒரு படை வேண்டும் என்று கேட்டார். மெட்ராஸில் பிறந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைச் சேர்த்து, சேலையோடு கையில் துவக்கும் கொடுத்து, அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய வைத்தார். அதுதான் ஜான்சி ராணிப் படையின் தொடக்கம். அந்த ஒக்டோபரில் சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பால்வெட்டிய கைகள். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயது. பெரியம்மம்மாவுக்குப் பதினேழு.

1945இல் பர்மாவில் ரங்கூனிலிருந்து படை பின்வாங்கும்போது, பகலில் விமானம் சுடும் என்று இரவிலேயே நடந்தார்களாம். கொப்புளம் உடைந்து துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிக்க வேண்டும் என்று அவ சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது. கூட இருந்த ஸ்டெல்லாவும் ஜோசபினும் ரயில் மீது நடந்த தாக்குதலில் செத்துப்போனார்கள். அந்த இரண்டு பெயரையும் சொல்லும்போது மட்டும் எழும்பி நின்றுதான் சொல்லுவா.

சண்டை முடிந்து இங்கே வந்தபோது இது வெள்ளைக்காரன் ஆண்ட நாடு, வாய் திறக்கவில்லை. பிறகு தமிழச்சி ஒருத்தி "நான் துவக்குப் பிடிச்சனான்" என்று கொழும்பில் சொல்லக்கூடிய காலமா வந்தது? ஐம்பது வருசத்துக்கு மேல் அதை விழுங்கிக்கொண்டு, சீட்டுப் பிடித்து, ஊறுகாய் போட்டு விற்றுச் சீவித்தா.

இன்னொரு கதையும் இருக்கிறது. 1944 பெப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து எங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற பிரிட்டிஷ் படைக் கப்பலை மாலைதீவுக் கடலில் யப்பான் நீர்மூழ்கி அடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் தாண்டது. 1,297 பேர் போனார்கள். அதில் 77 பேர் பெண்கள், இராணுவத் தாதிமாரும் கடற்படைப் பெண்களும். உயிர் தப்பிய பெண்கள் ஆறே ஆறு பேர். பெரியம்மம்மாவுக்கு அவர்கள் எதிரணி. நான் விகாரமகாதேவிப் பூங்காவில் அந்தப் போர் நினைவுத் தூணைக் கடந்து போகும்போதெல்லாம் கொழும்புக்கு வந்து சேராத அந்த 77 பேரையும் நினைக்கிறேன்.

சீருடை போட்ட பெண்ணை மதிக்க, அவள் போன சண்டையை நியாயப்படுத்தத் தேவையில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கிய வீடு எங்களுடையது, அதனால் இதை எழுதுவது எனக்கு லேசில்லை. இலங்கை இராணுவத்தில் பெண்களுக்கென்று தனிப் படையணி வந்தது 1979இல். அதில் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று போனவர்கள். புலிகள் பக்கம் நின்று சண்டை பிடித்து, வன்னியில் ஒரு காலோடு தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிற பெண்ணுக்கும் பதினேழு வயது ஒன்று இருந்தது. மேடையில் ஏற்றி மாலை போட்டுப் படம் எடுத்துப் போடுவது எனக்குப் போதாது. கால் பொருந்துகிறதா, மருந்து கிடைக்கிறதா, இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்க ஆள் வேண்டும். எந்தப் பக்கம் நின்றாய் என்பதைக் கேட்காமல் கேட்க வேண்டும். லட்சுமி அம்மா அதைச் செய்தார். தொண்ணூறு வயது தாண்டியும் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

அந்தச் சோதனை நடந்த மற்றக் கிழமை பெரியம்மம்மா புறக்கோட்டைக்குப் போய் தடித்த சோக்ஸ் ஒரு சோடி வாங்கினா. பெரிய பூட்ஸுக்கு இரண்டு சோக்ஸ் போட்டால் உரசாதாம். அதே இடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். கூட்டுக்குள் வேறொரு பிள்ளை நின்றது. அடுத்த முறையும் வேறொரு பிள்ளை. மூன்று மாதம் அந்தச் சோக்ஸ் அவவின் கைப்பையிலேயே கிடந்தது.