ஓடிபி போன ஊர் வேறு
பரிமாற்ற மாணவராக வெளிநாட்டில் இறங்கியதும் முதல் வம்பு இந்த ஓடிபிதான். புது சிம்மைப் போடுவதற்காகப் பழையதைக் கழற்றி பர்ஸில் வைத்தாச்சா, போச்சு! வங்கி அனுப்பும் ஆறு இலக்கம் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். சரி, எண்ணை மாற்றலாம் என்று செயலியைத் திறந்தால், அதற்கும் பழைய எண்ணுக்கே ஓடிபி. எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

கிளம்பும் முன்பே, வெளிநாட்டிலும் நம் சிம்மை வேலை செய்ய வைக்கும் ரோமிங்கை இயக்கிவிட வேண்டும்; போய்ச் சேர்ந்தபின் சில சிம்களில் அது நடக்காது. இரட்டை சிம் போனில் பழையதை அப்படியே விட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதும். குறுஞ்செய்தி வர டேட்டா தேவையில்லை. ரீசார்ஜ் மட்டும் மறக்கக்கூடாது. நாள் கடந்தால் எண் ரத்தாகி, பிறகு வேறு யாருக்கோ போய்விடும், வங்கி ஓடிபியோடு சேர்த்து.