மூன்று திடல் கண்ட குதிரைகள்

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் உள்ள கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. முப்பது வருஷம் அந்த லாயங்களில் வேலை பார்த்த என் தாய்மாமா போகவில்லை. "ஓடி முடிச்ச குதிரையில என்னடா பாக்க இருக்கு?" என்று கோப்பிக் கடையில் பால் சேர்க்காத தே ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார். அதோடு பேச்சு 4டி லாட்டரி எண்ணுக்குத் தாவிவிட்டது.

சிங்கப்பூர் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், அந்தக் குதிரைகள் போன வழியைத்தான் காட்டுவேன். 1843ல் முதல் பந்தயம் நடந்தது இன்றைய ஃபேரர் பார்க் பக்கம். அப்போது அது ஊருக்கு வெளியே. பந்தயத்துக்காக வெள்ளைக்காரர்கள் சுற்றி வீடு கட்டிக்கொண்டார்கள். டன்லப், கஃப், கேம்பல் என்று லிட்டில் இந்தியாவில் நாம் பூவும் புடவையும் வாங்கும் தெருக்களில் ஒட்டியிருப்பது அந்தக் காலத்துப் பெயர்கள்தான். பிறகு மாட்டு வியாபாரம் வந்தது, நம் ஆட்கள் வந்தார்கள், சிராங்கூன் ரோட்டில் நெரிசல் கூடியது. 1933ல் பந்தயம் புக்கிட் தீமாவில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்த இடத்துக்குப் போனது. அங்கும் ஊர் வந்து சேர்ந்தது. 1999ல் கிராஞ்சி.

நிறைய இடம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேருக்குப் பயன்படுகிற எதையும் நகரம் ஓரத்துக்குத் தள்ளும். எந்த ஊரிலும் இதுதான் கதை. இங்கே ஓரமே தீர்ந்துபோனது. கிராஞ்சியைத் தாண்டினால் ஜோகூர் நீரிணை. கடலைத் தூர்த்த பிறகும் மொத்தம் சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். நான்காவது திடலுக்கு எங்கே போவது?

இப்போது மூன்று திடலிலும் வீடு வருகிறது. ஃபேரர் பார்க்கில் 1,600 போல, கிராஞ்சியில் சுமார் 14,000, புக்கிட் தீமாவில் 15,000 முதல் 20,000 வரை. இதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. தங்கை மகள் அரசு கட்டும் புது வீட்டுக்கு, அதாவது பிடிஓவுக்கு, இரண்டு முறை போட்டும் கிடைக்காமல் மூன்றாவது முறைக்குக் காத்திருக்கிறாள். புக்கிட் தீமாவுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வருகிறது என்றால் வரட்டுமே. அது பணக்காரர்களுக்கென்று பட்டா போட்ட இடமா?

எனக்கு உறுத்துவது வேறு. ஃபேரர் பார்க் புல்வெளியில்தான் 1911ல் இந்தத் தீவின் முதல் விமானம் மேலே கிளம்பியது. 1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படையின் 40,000க்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. பந்தயம் போய் ஒன்பது வருஷம் ஆகியும் திடல் திறந்து கிடந்ததால் அத்தனை பேர் அங்கே கூட முடிந்தது. காலி இடம் சும்மா கிடப்பதாக நினைப்பது காகிதத்தில் பார்ப்பவர்கள்தான்.

ஞாயிறு சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய புல்லில் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் ஐந்து பேர், நடுவில் பரோட்டாப் பொட்டலம். கொஞ்சம் தள்ளி ஒருவர் கைபேசியைத் தூரப் பிடித்து, பல் முளைத்ததை மகள் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர்கள் தங்கும் விடுதிகள் துவாஸ், சுங்கை காடுட், கிராஞ்சி என்று தீவின் ஓரத்தில். குதிரைக்குப் போட்ட அதே கணக்குதான் இவர்களுக்கும். சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் வரைபடம் அப்படித்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் தொல்லையும் எனக்குத் தெரியும். அத்தை பஃபலோ ரோடு புளோக்கில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வரை போக முடியாது, மாடிப்படியில்கூட ஆட்கள். திட்டிக்கொண்டேதான் இறங்குவார். ஆனால் புல் போதவில்லை என்றால் ஆட்கள் கீழ்த்தளத்துக்குத்தானே வருவார்கள்? புல்லையும் எடுத்துவிட்டால்?

எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் அரசின் பெருந்திட்டத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறார்கள். வீடு, கடை, தொழிற்சாலை, பள்ளி, வழிபாட்டுத்தலம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் உண்டு. தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் ஒரு துண்டைப் புல்லாகவே விட்டு, கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் நாலு நிழல் மரமும் மட்டும் வையுங்கள் என்பது என் கோரிக்கை. உடற்பயிற்சிக் கருவியும் அழகுக் கல் பாதையும் வேண்டாம். உட்கார இடம் குறையும்.

போன வாரம் அங்கே பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். சாமான் எதுவும் வாங்கவில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அங்கயே கடை இருக்குண்ணே. ரூம்ல பன்னெண்டு பேரு. இங்க வந்தாத்தான் காலை நீட்ட முடியுது."

செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, நீட்டிப் படுத்துவிட்டார்.