புரூட்டல் டெத் மெட்டலைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

நான் அப்படி என்னதான் கேட்கிறேன் என்று அறியும் ஆவலில் என்னுடைய ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டியவர்கள் பலர். ஒரு நிமிடம் தாண்டியவர்கள் மிகச் சிலர். என் சித்தப்பா இருபது நொடிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாடுகிறவருக்கு வயிறு சரியில்லையாப்பா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்த இசையானாலும் முதலில் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதுதான் நமக்குப் பழக்கம். மெட்டல் இசையின் மிகக் கடுமையான கிளைகளில் ஒன்றான புரூட்டல் டெத் மெட்டலில் அந்த வழியாக உள்ளே போக முடியாது. டிரம்மின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

டெத் மெட்டல் 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவெடுத்தது. கலிஃபோர்னியாவின் பொசெஸ்டு, ஃபுளோரிடாவின் டெத் ஆகிய குழுக்கள் அதற்கு முந்தைய வேகமான மெட்டல் வகையான த்ராஷ் மெட்டலின் வேகத்தை எடுத்துக்கொண்டு, கிதாரின் சுருதியை இறக்கி, பாட்டை உறுமலாக மாற்றின. 1990 வாக்கில் ஃபுளோரிடாவின் தாம்பா நகரமும் அங்கிருந்த மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடமும் இந்த இசையின் தலைநகரம் போல ஆகிவிட்டிருந்தன. அங்கிருந்து வெகு தொலைவில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருவான சஃபோகேஷன் என்ற குழுதான் இதை அடுத்த எல்லைக்கு, அதாவது புரூட்டல் டெத் மெட்டலுக்குத் தள்ளியது. அவர்களுடைய முதல் முழுத் தொகுப்பான 'எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்' 1991இல் வெளிவந்தது. அதைப் பதிவு செய்ய அவர்களும் தாம்பாவுக்கே, மோரிசவுண்டின் ஒலிப்பதிவாளர் ஸ்காட் பர்ன்ஸிடமே போனார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தத் தொகுப்பில் மைக் ஸ்மித் வாசிக்கும் டிரம்மை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும் காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மும் இடைவெளியே தெரியாத வேகத்தில் மாறி மாறி விழுவதைத்தான் பிளாஸ்ட் பீட் என்கிறார்கள். முதலில் அது இரைச்சலாகத்தான் கேட்கும். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதைப் போல. சில நிமிடங்கள் கேட்ட பிறகு, அந்த மழை எங்கே நிற்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பதைக் காது தானாகவே தேடத் தொடங்கும். டெரன்ஸ் ஹாப்ஸும் டக் செரிட்டோவும் வாசிக்கும் ரிஃப்கள், அதாவது கிதாரின் சிறு இசைத்துணுக்குகள், பல்லவி, சரணம் என்று திரும்பி வருவதில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று அதை மேலேறி மிதித்துக்கொண்டு வந்துவிடும். முதல் பாடலான 'லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி'யின் நடுவே இந்த ஓட்டம் முழுவதும் திடீரென்று கீழ்க்காலத்துக்கு இறங்குகிறது. அதே கனம், பாதி வேகம். தலை தானாக ஆடும். அந்தச் சில நொடிகளைத்தான் பிற்காலத்தில் 'ஸ்லாம்' என்று ஒரு தனிக் கிளையாகவே வளர்த்தெடுத்தார்கள். அதே லாங் ஐலண்டின் இன்டர்னல் பிளீடிங்கும் டெக்சஸின் டிவோர்மென்ட்டும் அந்தக் கிளையின் முக்கியமான பெயர்கள்.

குரலுக்கு இப்போது வரலாம். சஃபோகேஷனின் பாடகர் ஃபிராங்க் மல்லன் தொண்டையைக் கிழித்துக் கத்துவதாக நினைப்பவர்கள் உண்டு. தேர்ந்த பாடகர்கள் அப்படிச் செய்வதில்லை. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து, மூச்சை அளந்து செலவிடுகிறார்கள். அந்தக் குரலில் சுரம் இல்லை, சொல்லும் பெரும்பாலும் விளங்காது. ஆனால் ஒவ்வோர் அசையும் டிரம்மின் எந்த அடியின்மேல் விழ வேண்டும் என்பதில் பிசகு இருக்காது. அதை வாத்தியக்குழுவின் இன்னொரு தோற்கருவியாகக் கேட்டால் பாதித் தடை நீங்கிவிடும்.

இத்தனை தாழ்ந்த சுருதியில், இத்தனை வேகத்தில் வாசிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒலிப்பதிவு சற்றே மங்கினாலும் எல்லாம் சேறாகிவிடும். சஃபோகேஷனின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பான 'பிரீடிங் தி ஸ்பான்' இதற்கு நல்ல உதாரணம்: இசையமைப்பு அபாரம், பதிவு படுமோசம். அதிலிருந்த பாடல்கள் பலவற்றை அடுத்தடுத்த தொகுப்புகளில் ஒன்றிரண்டாகத் திரும்பப் பதிவு செய்து கடனைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இனிமேல் சொல்லப்போவது சக ரசிகர்களுக்குப் பிடிக்காது. இந்த வகையின் பாடல்வரிகளில் பெரும்பகுதி குப்பை. சில குழுக்களிடம் அது குப்பையைவிட மோசம். பெண்ணுடலைச் சிதைப்பதே பொருளாக, பாட்டுக்குப் பாட்டு. 1999இல் வந்த டிவோர்மென்ட்டின் முதல் தொகுப்பின் தலைப்பைத் தமிழில் பெயர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. "பரணியில் பேய்கள் பிணக்கூழ் காய்ச்சவில்லையா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். காய்ச்சின. ஆனால் அது ஆயுதம் ஏந்திய இரு படைகள் மோதி முடிந்த களம். இங்கே எதிரே நிற்பவள் ஆயுதமில்லாத ஒருத்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதைக் கேட்பவன் வன்முறையாளன் ஆகிவிடுவான் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. சிட்னியின் மெக்வாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக் காட்சிகளை மனம் உணரும் விதத்தில் டெத் மெட்டல் ரசிகர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அந்த முடிவு ரசிகர்களைத்தான் விடுவிக்கிறது, எழுதியவர்களை அல்ல. வரிகளை நியாயப்படுத்த அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களோடு நான் உடன்படுவதில்லை.

என் ஆதங்கமெல்லாம், இந்த இசைக்கு அந்த ரத்தக்களறி தேவையே இல்லை என்பதுதான். மான்ட்ரியலின் கிரிப்டாப்ஸி குழு 1996இல் வெளியிட்ட 'நன் சோ வைல்' தொகுப்பில், ஃப்ளோ மூனியேயின் டிரம் வாசிப்பைக் கேட்டு மூச்சுத் திணறுபவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. புரியாததால் குறைந்துவிட்டதும் ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் இந்த இசைக்கு ஒரு பெரும் பட்டாளமே இருக்கிறது. அங்கிருக்கும் ஜசாத் குழு சுந்தா மொழியிலும் பாடுகிறது. அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அடி விழும் இடம் தெரிகிறது.

தொடங்க விரும்புபவர்கள் சஃபோகேஷனின் மேடைக் காட்சி ஒன்றை, ஃபிராங்க் மல்லன் பாடிய காலத்தியதாகப் பார்த்துத் தேடிப் பாருங்கள். பிளாஸ்ட் பீட் வரும்போதெல்லாம் அவர் தன் கையை விரித்து, டிரம்மின் வேகத்துக்கு ஈடாகக் காற்றில் படபடவென்று வெட்டிக்கொண்டே பாடுவார். சித்தப்பா அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது ஹெட்போனை நீட்டப் போவதில்லை. அந்தக் கையைக் காட்டப் போகிறேன்.